படத்தில் வரும் ஏழை

சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களில் அடிக்கடி ஒரு வழக்கு நடப்பதுண்டு. "இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் என்ன? ஒரே அழுகை, ஒரே தரித்திரம். தெருவில் தினந்தோறும் பார்ப்பது போதாதென்று காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா?" என்று ஒரு கட்சி சொல்லும். "உள்ளதைத்தானே காட்டினான்? உள்ளதைக் காட்டினால் உறுத்துகிறதோ?" என்று எதிர்க்கட்சி கேட்கும். அந்தப் படம் வெளிநாட்டில் பரிசு பெற்றதாக இருந்துவிட்டாலோ, "நம் மானத்தை விற்றல்லவா பரிசு வாங்கி வந்திருக்கிறான்!" என்று மூன்றாவது கட்சி ஒன்றும் கிளம்பிவிடும். இரவுச் சாப்பாடு முடியும்வரை தீர்ப்பு வராது.

இந்த வழக்குக்கு ஏறக்குறைய நூறு வயதாகிறது. இதில் வாதி யார், பிரதிவாதி யார் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேச வேண்டிய ஏழையை மட்டும் யாரும் அழைப்பதில்லை. அவனைப் பற்றித்தான் பேச்சு; அவனுடைய பேச்சு இல்லை.

நாம் வசிப்பது எட்டயபுரத்தில். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். கிழக்கே போனால் உப்பளங்களும், ஒரு காலத்தில் உலகத்துக்கே முத்தெடுத்துக் கொடுத்த தூத்துக்குடிக் கடலும் இருக்கின்றன. முத்து மன்னர்களின் கழுத்துக்குப் போயிற்று; அதை மூச்சடக்கி எடுத்தவன் குடிசைக்குத் திரும்பினான். இந்தச் சீமையில் வறுமை என்பது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயமன்று. 1882ஆம் ஆண்டில் இவ்வூரில் பிறந்த மகாகவி பாரதியாரே அதை நன்றாக அறிந்தவர். ஆகவே, திரையில் நம் ஜனங்களும் அவர்களுடைய இல்லாமையும் எப்படித் தோன்றுகின்றன என்பதைப் பற்றிச் சற்று யோசிக்க எங்களுக்கு உரிமை உண்டென்று நினைக்கிறோம்.

அயலான் பிடித்த கண்ணாடி

1927ஆம் வருஷத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. காதரின் மேயோ என்ற அமெரிக்க மாது இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு "மதர் இந்தியா" என்றொரு புத்தகம் எழுதினார். நம்முடைய நோய்களையும், அழுக்கையும், குழந்தை மணங்களையும் அடுக்கி வைத்து, இப்படிப்பட்டவர்களுக்குச் சுயராஜ்யம் எதற்கு என்று உலகம் கேட்கும்படி செய்தது அப்புத்தகம். தேசம் கொதித்தது. காந்தியடிகள் அதைச் சாக்கடையைச் சோதிக்க வந்த அதிகாரியின் அறிக்கைக்கு ஒப்பிட்டார். அத்துடன் அவர் நிறுத்தவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டார் இதைப் படிக்க வேண்டியதில்லை, இந்தியர்கள் படித்தால் ஓரளவு பயனுண்டு என்ற கருத்தையும் அவர் தெரிவித்தார். ஒரே சாக்கடைதான். அதைத் திறந்து காட்டி மூக்கைப் பிடித்துக்கொள்கிறவன் வேறு; திறந்து பார்த்துச் சுத்தம் செய்யப் புறப்படுகிறவன் வேறு. நம் வழக்கின் சாரம் முழுவதும் இந்த ஒரு வேற்றுமையில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அதே 1927இல் ஆங்கில சர்க்கார் சினிமாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிட்டியை நியமித்தது. தலைமை வகித்தவர் சென்னை வக்கீலான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். 1928இல் அறிக்கை வெளிவந்தது. கமிட்டி ஏற்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம் விசித்திரமானது. அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரர்கள் குடிப்பதையும் கொஞ்சுவதையும் பார்த்தால், இந்திய ஜனங்களுக்கு வெள்ளைக்காரர்மேல் உள்ள மரியாதை குறைந்துவிடுமே என்ற அச்சந்தான் அது. ஆளுகிறவனுக்குத் தன் உருவம் திரையில் எப்படித் தெரிகிறதென்ற கவலை அவ்வளவு இருந்தது. ஆளப்படுகிறவனுக்கும் அப்படி ஒரு கவலை இருக்கக்கூடும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

பத்து வருஷத்துக்குள் அது தெரிந்துவிட்டது. 1938இல் "தி டிரம்" என்ற ஆங்கிலப் படம் பம்பாய்க்கு வந்தது. எல்லைப்புற மாகாணத்தில் கலகக்காரர்கள் சதி செய்ய, ஆங்கிலப் பட்டாளம் வந்து காப்பாற்றும் கதை. ஜனங்கள் கொட்டகை வாசலில் திரண்டு எதிர்ப்புக் காட்டியதால் படம் நிறுத்தப்பட்டது. அதில் இளவரசனாக நடித்த சாபு, மைசூர் சமஸ்தானத்து மாவுத்தன் ஒருவரின் மகன். 1937இல் "யானைப் பையன்" படத்தின் மூலம் உலகப் புகழ் பெற்றவன். ஒரு மாவுத்தன் பிள்ளையின் முகத்தை உலகம் முழுவதும் காட்டினார்கள். ஆனால் வெள்ளைக்காரனுக்கு நன்றியுள்ள பிள்ளையாகத்தான் காட்டினார்கள்.

1939இல் அமெரிக்கர்கள் "கங்கா தீன்" எடுத்தார்கள். பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமக்கும் ஏழை ஒருவன், தன்னை அடிமையாக நடத்துகிறவர்களுக்காகவே உயிரைக் கொடுக்கிறான். மற்ற இந்தியர்களெல்லாம் காளியின் பேரால் கழுத்தை நெரிக்கும் கொலைகாரர்கள். அந்தத் தண்ணீர்க்காரனாக நடித்தவர் கறுப்புச் சாயம் பூசிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரர். இந்திய மலைகளாகக் காட்டப்பட்டவை கலிபோர்னியாவில் உள்ளவை. வங்காளத்திலும் பம்பாயிலும் அப்படம் தடை செய்யப்பட்டது. ஏழை இந்தியன் ஒன்று நாய்போல் விசுவாசமாயிருப்பான், அல்லது பாம்புபோல் கடிப்பான். மனிதனாயிருப்பதற்கு மட்டும் கதையில் இடமில்லை.

வெள்ளைக்காரன் போய்விட்டதும் இதெல்லாம் போய்விட்டதென்று எண்ண வேண்டாம். 1984இல் வெளிவந்த "இந்தியானா ஜோன்ஸ்" படமொன்றில், பட்டினியால் வாடும் கிராமத்து ஜனங்கள் கைகூப்பி ஒரு வெள்ளைக்காரப் பண்டிதரை எதிர்பார்த்து நிற்கிறார்கள். அரண்மனை விருந்தில் குரங்கின் மூளை பரிமாறப்படுகிறது. இந்திய சர்க்கார் ஆட்சேபித்தபடியால் இலங்கையில் கண்டிப் பக்கத்தில் போய் அதைப் படம் பிடித்தார்கள். ஆட்சி மாறி முப்பத்தேழு வருஷமான பின்பும், கதையில் நம் ஜனங்கள் இருந்த இடம் மாறவில்லை.

மானம் என்னும் முகமூடி

அயலானைக் குறை சொல்வது எளிது. நம்மவரே காட்டும்போதுதான் சங்கடம்.

1955இல் சத்யஜித் ராய் "பாதேர் பாஞ்சாலி"யை எடுத்தார். மேற்கு வங்க சர்க்கார் பணம் கொடுத்திராவிட்டால் அது முடிந்திராது. ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பம். ஒரு கிழவி, ஒரு சிறுமி, ஒரு சிறுவன். இடிந்த வீடு, மழை, மரணம். 1956இல் கான் நகரத்துத் திரைவிழாவில் மனித வாழ்வின் சிறந்த ஆவணம் என்று அதற்குப் பரிசு கொடுத்தார்கள். கால் நூற்றாண்டுக்குப் பின், 1980இல், ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்த நடிகை நர்கிஸ், ராய் இந்தியாவின் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றஞ்சாட்டினார். நவீன இந்தியாவை, அணைக்கட்டுகளையெல்லாம் காட்டக்கூடாதா என்பது அவருடைய கேள்வி.

அந்த நர்கிஸ் யார்? 1957இல் மெஹபூப் கானின் "மதர் இந்தியா" படத்தில் மாடில்லாமல் தானே ஏரை இழுத்தவர். மிஸ் மேயோவின் தலைப்பையே எடுத்து, அதற்கு நேர்மாறான பொருளைக் கொடுத்த படம் அது. அதிலும் பட்டினி உண்டு, வட்டிக்காரன் உண்டு, சேற்றில் புரளும் குழந்தைகள் உண்டு. ஆயினும் தேசம் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டது. காரணம் சுலபம். அப்படம் கால்வாய்த் திறப்பு விழாவில் தொடங்குகிறது. கஷ்டமெல்லாம் கடந்துபோன கதை என்று முதலிலேயே சமாதானம் சொல்லிவிடுகிறது. "பாதேர் பாஞ்சாலி" அப்படிச் சமாதானம் சொல்வதில்லை. குடும்பம் வண்டியேறிப் போவதோடு முடிகிறது. ஒன்றில் வறுமை ஒரு சோதனை. மற்றதில் அது அன்றாட வாழ்வு. சோதனையைப் பார்த்தால் வீரம் தோன்றும். அன்றாடத்தைப் பார்த்தால் வெட்கம் தோன்றும். ராயின் பேரில் ஏற்பட்ட கோபத்தில் பாதி இந்த வெட்கந்தான்.

சர்க்காருக்கும் அந்த வெட்கம் வந்ததுண்டு. பிரெஞ்சுக்காரரான லூயி மால் இந்தியாவில் சுற்றி எடுத்த படத்தொடரை 1970இல் பி.பி.சி. காட்டியபோது, தில்லியில் அந்த ஸ்தாபனத்தின் காரியாலயத்தையே மூடச் சொல்லிவிட்டார்கள். லூயி மாலுக்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் காரியாலயத்தை மூடியதால் கல்கத்தாவின் நடைபாதையில் படுத்திருந்த ஒருவனுக்காவது கூரை கிடைத்ததா? தேசத்தின் மானம் என்பது ஏழையின் முகத்தை மறைப்பதில் இருக்கிறதென்றால், அந்த மானம் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவனுடையதாக அது இருக்க முடியாது.

எங்கள் ஊருக்கு நேர்ந்தது

படத்துக்கு இவ்வளவு சக்தி உண்டா என்று ஐயுறுகிறவர்களை எட்டயபுரத்துக்கு அழைக்கிறோம்.

1959இல் பி. ஆர். பந்துலு "வீரபாண்டிய கட்டபொம்மன்" எடுத்தார். சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக நடித்தார். 1960இல் கெய்ரோ திரைவிழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் என்ற பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்குச் சுதந்திர வேட்கையை ஊட்டியதில் அப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அன்று முதல் எங்களுக்கு ஒரு தொல்லையும் பிடித்தது. வெளியூரில் சொந்த ஊர் எதுவென்று கேட்டு, எட்டயபுரம் என்று பதில் சொன்னால், எதிரிலிருப்பவர் முகத்தில் ஒரு புன்சிரிப்பு தோன்றும். "ஓகோ, எட்டப்பன் ஊரா!"

1799இல் எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பினியார் பக்கம் நின்றது சரித்திரம். அதை மறுப்பதற்கில்லை, மறைப்பதற்குமில்லை. கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆளுகைக்குட்பட்ட இடத்தில் என்பதும் சரித்திரந்தான். ஆனால் காட்டிக்கொடுப்பவனுக்குத் தமிழில் நிலைத்த பெயர் "எட்டப்பன்" என்பதே. அது ஓர் ஆளின் பெயர்கூட அன்று. அந்த வமிசத்தில் வழிவழியாக வந்த பட்டப் பெயர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் வாழ்ந்ததும், 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் உயிர் நீத்ததும், பாரதியார் பிறந்ததும் இதே ஊரில்தான். பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பக் கல்கி முன்நின்று பொதுஜனங்களிடம் நிதி திரட்டி, 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டி, 1947இல் அது திறக்கப்பட்டதும் இங்கேதான். இவ்வளவும் ஒரு பக்கம் இருக்க, ஒரு படத்தின் சில காட்சிகள் ஊரின் முகத்தில் ஒட்டிக்கொண்டன.

படம் பொய் சொன்னதென்று நாம் சொல்லவில்லை. உண்மையில் ஒரு துண்டை எடுத்து, அதை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால், முழு உண்மை அதற்குப் பின்னால் மறைந்துபோகும் என்றுதான் சொல்கிறோம். ஏழைகளுக்கு நேர்வதும் இதுவே. அவர்களுடைய பசி உண்மை, கண்ணீர் உண்மை. பசியும் கண்ணீரும் தவிர அவர்களிடம் வேறொன்றுமே இல்லை என்று காட்டுவதுதான் அபத்தம்.

பாட்டுப் பாடும் ஏழை

நம் தமிழ்ப் படங்கள் ஏழைக்கு என்ன நீதி செய்தன?

பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் சீர்திருத்த எண்ணம் பலமாயிருந்தது. 1939இல் கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்ரமண்யம் "தியாகபூமி" எடுத்தார். ஆசாரமான பிராமணர் ஒருவர் புயலில் வீடிழந்த தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடங்கொடுத்து, அதனால் ஊர் விலக்குக்கு ஆளாகிறார். அக்காலத்து சர்க்கார் பிறகு அப்படத்தைத் தடை செய்தது. அப்படிப்பட்ட துணிவான படத்தில்கூட, கதை உதவி செய்தவருடையது, உதவி பெற்றவர்களுடையதன்று.

பின்னர் வந்தது கதாநாயகர்களின் காலம். ஏழை இப்போது கதையின் நடுவே வந்துவிட்டான். எம்.ஜி.ஆர். 1964இல் "படகோட்டி"யானார், 1971இல் "ரிக்‌ஷாக்கார"னானார், அதற்காகத் தேசிய விருதும் பெற்றார். அவருடைய சட்டை கசங்குவதில்லை; வலை வீசும் கை காய்த்துப் போவதில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிக் கடற்கரையில் வலை உலர்த்தும் ஒருவன், நிஜமாக ரிக்‌ஷா இழுத்த ஒருவன், அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியே வந்தான். அவனுக்குத் தன் தொழில்மேல் ஒரு கௌரவம் உண்டாயிற்று. அதைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. படத்தில் அவன் கஷ்டத்துக்குக் காரணம் ஒரேயொரு கெட்ட பணக்காரன். அவனை அடித்து வீழ்த்தியதும் கஷ்டம் தீர்ந்துவிடுகிறது. மறுநாள் காலையில் கடனும் கூலியும் முன்போலவே காத்திருக்கும் என்பதைப் படம் சொல்வதில்லை.

சொன்ன படங்களும் சில உண்டு. ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 1965இல் "உன்னைப்போல் ஒருவன்" என்ற படத்தைக் கொண்டுவந்தார். சென்னைச் சேரி ஒன்றில் ஒரு தாயும் மகனும். தேசிய விருது கிடைத்தது, கொட்டகைகளில் ஓடவில்லை. 1979இல் துரை எடுத்த "பசி"யில் குப்பை பொறுக்கும் குப்பம்மாவாக ஷோபா நடித்து, நாட்டின் சிறந்த நடிகை என்ற விருதைப் பெற்றார். "உன்னைப்போல் ஒருவன்" என்ற தலைப்பே ஒரு வாதம் என்று நினைக்கிறோம். "பாவம், அவன்" என்று தள்ளி நின்று பார்க்க அத்தலைப்பு இடங்கொடுப்பதில்லை.

அத்திப்பட்டியின் தாகம்

கரிசல் சீமை திரையில் ஏறியது 1981இல். கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே. பாலசந்தர் "தண்ணீர் தண்ணீர்" என்ற படமாக எடுத்தார். அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்திருந்த இப்பகுதியின் வறட்சியே அதற்குக் களம். அத்திப்பட்டி என்று ஒரு கிராமம், குடிக்க நீரில்லை. பல மைல் நடந்து ஊற்றிலிருந்து குடத்தில் கொண்டுவர வேண்டும். போலீசார் தேடும் ஒருவன் ஊருக்குள் வந்து, மாட்டு வண்டி கட்டித் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். ஊரே அவனைக் காப்பாற்றுகிறது. மனுப் போடுகிறார்கள், தேர்தலில் ஓட்டுப் போட மறுக்கிறார்கள், கடைசியில் தாங்களே கால்வாய் வெட்ட முனையும்போது சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. சிறந்த தமிழ்ப் படம் என்றும், சிறந்த திரைக்கதை என்றும் தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன.

வெடித்த கரிசலையும் வெறுங்குடத்தையும் படம் பிடிப்பது கடினமன்று. எந்த விருந்தாளியும் அரைநாளில் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அந்தக் குடம் ஏன் காலியாக இருக்கிறதென்று காட்டுவதுதான் கடினம். "தண்ணீர் தண்ணீர்" அதைச் செய்தது. மழை பொய்த்ததோடு மனுவும் பொய்த்தது என்று சொல்லிற்று. அதன் ஜனங்கள் கையேந்திக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. யோசிக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், பரிகாசம் செய்கிறார்கள், சண்டையிடுகிறார்கள், முயற்சி செய்து தோற்கிறார்கள். எங்கள் ஊர்ப்புறத்தில் அப்படம் வந்தபோது பார்த்த பெரியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது, "நம்ம கதை" என்கிறார்களே தவிர, "நம்ம மானத்தை வாங்கிவிட்டான்" என்று சொல்லக் கேட்டதில்லை.

பின்னர் 2003இல், இடைசெவல் தந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் "கிடை"யை அம்ஷன் குமார் "ஒருத்தி" என்று படமாக்கினார். கரிசல் காட்டில் ஆடு மேய்ப்பவர்களின் வாழ்வும் காதலும் சாதியும் அதில் வந்தன. 2010இல் வசந்தபாலனின் "அங்காடித் தெரு", தென்மாவட்டங்களிலிருந்து சென்னைத் துணிக்கடைகளுக்குப் போன பிள்ளைகளைக் காட்டிற்று. பகல் முழுவதும் உட்கார அனுமதியின்றி நின்று வேலை செய்யும் கால்களை அதில் பார்த்தோம். அத்தகைய ஊழியர்களுக்கு உட்கார ஆசனம் தர வேண்டுமென்று 2021இல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்தது. படத்தால்தான் சட்டம் வந்ததென்று சொல்ல மாட்டோம். ஆனால் துணிக்கடையில் புடைவை விரித்துக் காட்டும் பெண் எத்தனை மணி நேரமாக நிற்கிறாளென்று அதற்கு முன் நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

"சிரிக்காமல் நில்லுங்கள்"

தீப்பெட்டித் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவகாசியிலும் இப்பகுதியிலும் ஒரு காலத்தில் குழந்தைகள் விடியுமுன் எழுந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1990இல் சலம் பென்னூர்கர் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்ற செய்திப்படத்தில் அதை நேரடியாகக் காட்டினார். அப்படிப்பட்ட படங்கள் அவசியமாயிருந்தன என்பதில் சந்தேகமில்லை. இன்று அக்குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார்களே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறார்கள்.

ஆனால் கஷ்டத்தைப் படம் பிடிப்பதும் ஒரு பழக்கமாகிவிடக்கூடும். சில வருஷங்களுக்கு முன் காமிராவுடன் சிலர் நம் பக்கத்துக் கிராமமொன்றுக்கு வந்தார்கள். நல்ல எண்ணத்துடன்தான் வந்தார்கள். குழந்தைகளை ஒரு மண்சுவரின் முன் நிறுத்தினார்கள். காமிராவைக் கண்ட குழந்தைகள் என்ன செய்யும்? சிரித்தன. வந்தவர்களில் ஒருவர், "சிரிக்காமல் நில்லுங்கள்" என்றார். அடுத்த நாள் வகுப்பில் அந்தக் கிராமத்துப் பெண்ணொருத்தி நம்மிடம் கேட்டாள்: "ஏன் சார், நாங்க சிரிச்சா ஏழையில்லேன்னு ஆயிருமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சரித்திரப் பாடத்தில் எந்தக் கேள்விக்கும் நாம் இவ்வளவு நேரம் விழித்ததில்லை. கடைசியில், "சிரிப்பது உன் சொந்தச் சொத்து அம்மா, அதை யார் கேட்டாலும் கொடுக்காதே" என்று சொல்லி வைத்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆயினும் அவள் கேள்வி தீரவில்லை. ஏழையை ஏழையாகவே நிறுத்தி வைக்க, அவனிடம் மீதமிருப்பதையும் எடுத்துவிட வேண்டுமென்று நினைக்கும் கண் ஒன்று இருக்கிறது. அது வெள்ளைக்காரனிடம் மட்டும் இருப்பதன்று.

இரண்டு படங்கள்

அந்தக் கண்ணையும் அதற்கு மாறான கண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, 2008இல் ஆங்கிலேயரான டானி பாயில் எடுத்த "ஸ்லம்டாக் மில்லியனர்". பம்பாய்ச் சேரிப் பையனொருவன் வினாடி வினாவில் இரண்டு கோடி ரூபாய் வெல்லும் கதை. 2009இல் எட்டு ஆஸ்கர் பரிசுகள்; அவற்றில் இரண்டு நம் ஏ. ஆர். ரகுமானுக்கு. தமிழர் வீடுகளில் அன்று கொண்டாட்டந்தான். அதே சமயத்தில் பம்பாயிலும் பாட்னாவிலும் சேரி ஜனங்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். தங்களை நாயென்று எப்படித் தலைப்பிடலாம் என்பது அவர்களுடைய ஆட்சேபம். மற்றவர்கள் அதை அற்பமான ஆட்சேபமாக நினைத்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. படம் விறுவிறுப்பானது, குழந்தைகள் அருமையாக நடித்தார்கள். ஆனால் அதில் சேரி என்பது மலக்குழியும், குழந்தையின் கண்ணைக் குருடாக்கும் கயவர்களும் நிறைந்த நரகம். அங்கிருந்து தப்ப ஒரே வழி அதிர்ஷ்டம். தப்பியவன் கதாநாயகன், தங்கிவிட்ட லட்சக்கணக்கானவர்கள் பின்னணித் திரைச்சீலை.

இரண்டாவது, 2015இல் வெளிவந்த மணிகண்டனின் "காக்கா முட்டை". சென்னைச் சேரியில் அண்ணன் தம்பி இருவர். அவர்கள் விளையாடிய இடத்தில், காக்கைக் கூடிருந்த மரத்தை வெட்டிவிட்டு, ஒரு பிஸ்ஸாக் கடை வருகிறது. அதில் ஒரு துண்டு தின்ன வேண்டுமென்று அவர்களுக்கு ஆசை. ரயில் பாதையில் விழும் கரியைப் பொறுக்கிக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்த பின்பும் கடைக்குள் விடமாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்காகப் பாட்டி தோசையின்மேல் காய்கறியைத் தூவி ஒரு பிஸ்ஸா செய்து கொடுக்கிறாள். கடைசியில் நிஜப் பிஸ்ஸா கிடைத்தபோது, பாட்டியின் தோசையே தேவலை என்று பிள்ளைகள் முடிவு கட்டுகிறார்கள். இந்தப் பிள்ளைகளிடம் குறும்பு இருக்கிறது, ரோஷம் இருக்கிறது, அபிப்பிராயம் இருக்கிறது. படம் முழுவதும் நாம் சிரிக்கிறோம். அவர்களைப் பார்த்தன்று, அவர்களோடு சேர்ந்து. அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, கடையின் கண்ணாடிக் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பது நெஞ்சில் தைக்கிறது. குழந்தைகளுக்கான சிறந்த படமென்று அதற்குத் தேசிய விருது கொடுத்தார்கள். பெரியவர்களுக்கென்றே கொடுத்திருந்தாலும் தகும்.

எங்கள் மாவட்டத்திலிருந்தே இப்போது அப்படிப்பட்ட கண்ணுடையவர்கள் வந்திருக்கிறார்கள். மாரி செல்வராஜ் 2024இல் தந்த "வாழை"யில், தாமிரபரணிப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கிறான். அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும், டீச்சரைப் பிடிக்கும், தார் சுமப்பது மட்டும் பிடிக்காது. இயக்குநர் தம்முடைய இளமைக்காலத்தையே படமாக்கியிருப்பதால், சுமை எந்தத் தோளில் எப்படி அழுத்தும் என்பது வரை அதில் சரியாக இருக்கிறது. அப்படத்தைப் பார்த்துவிட்டு வந்த திங்கட்கிழமை, நம் வகுப்பில் பிள்ளைகளின் முகங்களை வேறு விதமாகப் பார்த்தோம். முதல் மணியிலேயே தூங்கி விழுகிற பையனைத் தட்டி எழுப்புமுன், ஞாயிற்றுக்கிழமை அவன் என்ன வேலைக்குப் போனான் என்று கேட்க வேண்டுமென்ற புத்தி வந்தது. கேட்டோம். கேட்டபின் தட்டி எழுப்ப மனம் வரவில்லை.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, சாப்பாட்டு வேளையில் நடக்கும் அந்த வழக்கில் நம் கட்சி இது. வறுமையைக் காட்டலாமா, கூடாதா என்பது கேள்வியே அன்று. இருக்கும்வரை காட்டத்தான் வேண்டும். எப்படிக் காட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும்.

படத்தில் வரும் ஏழைக்குப் பெயரும், தொழிலும், தன் வாழ்வைப் பற்றிய ஓர் அபிப்பிராயமும் இருக்கின்றனவா? அல்லது கதாநாயகனின் தயாள குணத்தை விளக்கவே அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்களா?

அவனுடைய இல்லாமைக்குக் காரணம் சொல்லப்படுகிறதா? அல்லது மழையும் வெயிலும்போல வறுமையும் தானாக வந்ததென்று விட்டுவிட்டார்களா?

மூன்றாவதுதான் முக்கியம். யாரைப் பற்றிய படமோ அவரே நம் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, தலைகுனியாமல் அதைப் பார்க்க முடியுமா?

இம்மூன்றிலும் தேறிய படம் அயல் நாட்டில் பரிசு பெற்றால் பெறட்டும். அதனால் நம் மானம் போய்விடாது. தேறாத படத்துக்கு எத்தனை பரிசு கிடைத்தாலும், அது மிஸ் மேயோவின் புத்தகத்துக்கு இசையமைத்ததுதான்.

தகப்பனார்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை இப்படிப்பட்ட படத்துக்குப் போய் வந்தால், "அழுகைப் படம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், வீட்டுப் பிள்ளைகளிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் அதே படத்தைப் பார்த்திருந்தால், அவருடைய அபிப்பிராயத்தையும் கேளுங்கள். நின்றுகொண்டு சொல்ல விடாமல், உட்காரச் சொல்லிக் கேளுங்கள். நூறு வருஷத்து வழக்கில் இதுவரை அழைக்கப்படாத சாட்சி அவர்தாம்.